மெத்ரோ போகும்போது பேசியவள்

"உது சரி பிள்ளை. ஆனா நீ எழுதிறதை ஆர் வாசிக்கப்போகினம்?"

கடைக்கார அண்ணை இதைக் கேட்டபோது எனக்குப் பதினாறு வயது. பாரிஸில் ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில் எங்கள் தமிழ் ஆட்களுக்கு அப்போது இருந்த இரண்டு மூன்று கடைகளில் அவருடையதும் ஒன்று. சனிக்கிழமைகளில் கருவாட்டுப் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு அமர்ந்து, வருகிறவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பேன், படிவம் நிரப்பிக்கொடுப்பேன். அன்று ஒரு தாளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். எங்கள் பகுதி நூலகத்தை நடத்துகிற பெண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிற இரண்டு பக்கத் தாள். அதில் என் கட்டுரை, என் பெயரோடு, அச்சில்.

அண்ணைக்குப் பிரெஞ்சு பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. என் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி. கேட்டுவிட்டுத் தாளின்மேல் கத்தரிக்காய்ப் பெட்டியை வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பெட்டி வைக்க இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் நான் இரண்டு நாள் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை.

எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அப்பா ஊரில் கடலுக்குப் போனவர், பாரிஸில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மா இன்றைக்கும் கைநாட்டுத்தான். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் எழுதியதில்லை, எழுதியதற்காக வருந்தியதும் இல்லை. இரண்டையும் தொடங்கிவைத்தது நான்.

அந்தக் கட்டுரை ஒருத்தியைப் பற்றியது. இதுவும் அவளைப் பற்றியதுதான். அதில் அவளுடைய பெயர் இருந்தது. இதில் இருக்காது.

பிரெஞ்சு தெரியாமல் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பு இருந்தது. போர்த்துக்கல் பிள்ளைகள் ஆறு பேர், மாலி நாட்டவர் நாலு பேர், துருக்கி, கம்போடியா. எல்லோருக்கும் தங்கள் மொழியில் சண்டை பிடிக்கவாவது ஓர் ஆள் இருந்தது. தமிழ் நான் மட்டும். ஒக்டோபரில் அவள் வந்தாள், ருமேனியாவிலிருந்து, அவளும் ஒருத்திதான். பேச ஆளில்லாத இரண்டு பேரை ஆசிரியை ஒரே மேசையில் இருத்தினார்.

உயரமான, மெலிந்த பெண். என் வயதுதான். சாம்பல் நிறக் கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிடும். இடது கையில் ஒரு நீள்சதுரம் மட்டும் துணி வெளிறாமல் கடும் நிறத்தில் இருந்தது. அதைச் சுற்றி ஊசித் துளைகள். அங்கே ஏதோ தைத்திருந்து பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்தது. என்ன என்று கேட்டேன். அவள் சன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், புத்தகத்தைத் திறந்துகொண்டாள்.

அவளுடைய பழக்கங்களை நான் ஒன்றொன்றாகச் சேர்த்தேன். பக்கத்தில் இருக்கிறவளை இப்படிக் கவனிப்பதும் ஒரு நோய்தான். எனக்கு அது இருந்தது. அவள் கொப்பியில் வைத்து எழுதமாட்டாள். ஒரு தாளைத் தனியாகப் பிரித்தெடுத்து, வெறும் மேசைப் பலகையில் வைத்து எழுதுவாள். கீழே இன்னொரு தாள் இருந்தால் எழுத்தின் அழுத்தம் அதில் பதிந்துவிடுமாம். பாடம் முடிந்ததும் தேவையில்லாத தாள்களை மிகச் சிறியதாகக் கிழித்து, பாதியை வகுப்புக் குப்பைக்கூடையிலும் மீதியைத் தெருவில் உள்ளதிலும் போடுவாள். ஆசிரியை கேள்வி கேட்டால் முதலில் யாராவது பதில் சொல்லும்வரை காத்திருப்பாள். கடைசி ஆளாகவும் இருக்கமாட்டாள். விடை தெரிந்தால் என் கை தானாக மேலே போகும். அவளுக்கு விடை தெரிந்தால் கை மேசைக்குக் கீழே போய்விடும்.

நவம்பரில் ஆசிரியை 'என் நாடு' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார். நான் கடலையும் இராணுவ வண்டிகளையும் எழுதினேன், எட்டுப் பிழை. அவள் எழுதியதை ஆசிரியை இரண்டு தடவை வாசித்தார். அந்தப் பக்கத்தில் அவள் நாட்டுத் தலைவர் இருந்தார், தலைவரின் மனைவி இருந்தார், பொங்கி வழியும் கோதுமை இருந்தது, இரவும் பகலும் எரியும் உலைகள் இருந்தன, நன்றியுள்ள பிள்ளைகள் இருந்தார்கள். இதைத்தான் எழுத விரும்பினாயா என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார். அவள் எழுந்து நின்று ஆம் என்றாள். எந்த முகமும் இல்லாத முகம்.

இடைவேளையில் அதெல்லாம் உண்மையா என்று கேட்டேன். எங்கள் இருவருக்கும் அப்போது இருந்தது கைப்பிடி அளவு பிரெஞ்சு. அந்தப் பிடிக்குள் தேடி அவள் சொன்னாள்:

"வகுப்பில் கேட்டால் அது. நீ எங்கே கேட்கிறாய்?"

எங்கே கேட்கவேண்டும் என்பதை அவளே சில நாட்களில் காட்டித்தந்தாள்.

எங்கள் பகுதியான லா சப்பலில் மெத்ரோ ரயில் நிலத்துக்குக் கீழே போவதில்லை. இரும்புத் தூண்களின் மேல், தெருவுக்கு நடுவில், தலைக்கு மேலே போகும். பாலத்தடியில் நின்றால் ரயில் கடந்துபோகும்வரை பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அவள் என்னை ஒரு தூணோடு நிறுத்தினாள். மேலே ரயில் வந்ததும் என் காதோடு வாயை வைத்துப் பேசத் தொடங்கினாள். ரயில் போனதும் வசனத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டாள். அடுத்த ரயில் வந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தாள்.

அவளுடைய வாழ்க்கையை நான் அப்படித்தான் கேட்டேன். அரை நிமிடம் அரை நிமிடமாக.

கோட்டுக் கையில் தைத்திருந்தது இலக்கம். பள்ளிக்கூடத்தின் பெயரும் அவளுடைய எண்ணும். தெருவில் அவள் எதையாவது தவறாகச் செய்வதைக் காண்கிற எவரும் அந்த எண்ணைப் பார்த்து அறிவிக்கலாம். இது ஒரு ரயில். குளிர்காலத்தில் வீட்டுக்குள் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் வீட்டுப்பாடம் செய்வார்கள். அடுப்புக்கு எரிவாயு வருகிறதா என்று பார்க்க அதிகாலையில் எழும்புவார் அம்மா. இது ஒரு ரயில். தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், எல்லா எழுத்தையும் ஒரு தாளில் அடித்துக் காட்டவேண்டும். யாராவது ஒரு துண்டுப்பிரசுரம் அடித்து ஒட்டினால் எந்த இயந்திரம் என்று கண்டுபிடிப்பதற்கு. இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளைச் சோளம் பறிக்கக் கூட்டிப்போவார்கள். அங்கே ஒரு நாள் அவளுடைய சிநேகிதி தலைவரைப் பற்றி ஒரு பகிடி சொன்னாள், அடுத்த நாள் அந்தச் சிநேகிதி—

ரயில் போய்விட்டது. அந்தச் சிநேகிதிக்கு என்ன நடந்தது என்பதை அவள் பிறகும் சொல்லவில்லை. அந்த வசனத்தை மட்டும் அவள் தொடரவே இல்லை.

கோபத்தோடு ஒருநாள் சொன்னேன், இது பாரிஸ், இங்கே யார் உன்னை ஒட்டுக் கேட்கப்போகிறார்கள் என்று. அவள் தெருவின் மறுபக்கத்தைக் காட்டினாள். அங்கே எங்கள் ஆட்கள் நாலு பேர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பயப்படுகிற ஒரு ஆள் அவர்களை நோக்கி வந்தார். நாலு பேரும் ஒரே நேரத்தில் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். மழையைப் பற்றித்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தமிழ் தெரியாதவளுக்கு? தெரிந்திருந்தது.

தமிழ் அவளுக்குப் பிடித்திருந்தது. பாரிஸ் முழுவதும் தேடினாலும் யாருக்கும் விளங்காத மொழி என்று நினைத்தாள். என்னிடம் சில சொற்கள் கேட்டாள். ஓம், இல்லை, பிறகு. 'பிறகு' அவளுக்கு மிகவும் பயன்பட்டது. ரயில் போனதும் விரலை உயர்த்தி, "பிறகு" என்பாள். ஒருநாள் பாலத்தடியில் அதைக் கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டாள். பக்கத்தால் போன ஒரு மாமி திரும்பிப் பார்த்து, "என்ன பிறகு?" என்று கேட்டார். அவளுக்கு முகத்தில் இரத்தமே இல்லாமல் போயிற்று. லா சப்பலில் இரகசியம் பேசத் தமிழைப்போல மோசமான மொழி வேறில்லை என்று விளங்கப்படுத்தினேன். அன்றுதான் அவள் சிரிக்கக்கூடும் என்று அறிந்தேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள்கள் மட்டும் குலுங்க.

எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒரு அறை, ஒரு அடுப்பு, நாங்கள் மூன்று பேர். அம்மா அவளுக்கு உறைப்புக் குறைத்து இடியப்பத்துக்குச் சொதி வைப்பார். அவள் வந்தவுடன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள், பேசுவதற்கு. அம்மா மூடுவார், தண்ணீருக்கும் காசு வருகிறது என்று. அவள் திறப்பாள். அம்மா மூடுவார். "உந்தப் பெட்டைக்கு ஆரோ செய்வினை செய்துபோட்டினம்" என்பார் அம்மா. ஆனால் மிஞ்சிய இடியப்பத்தை அவளுக்கே கட்டிக்கொடுப்பார்.

அவள் இருந்த வீடு ரயில் பாதைகளைப் பார்த்தபடி, ஐந்தாம் மாடியில். அவளும் தகப்பனும் மட்டும். தகப்பன் அங்கே பொறியியலாளர். லியோனில் நடந்த ஒரு இயந்திரக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்டு, திரும்பிப் போகாமல் நின்றுவிட்டவர். இங்கே தொலைக்காட்சிப் பெட்டி திருத்தினார். இரண்டு வருடம் கழித்து மகளை வெளியே விட்டார்கள். தாயை விடவில்லை. ஏன் ஒருத்தியை விட்டார்கள், ஏன் மற்றவரை விடவில்லை என்பது அவளுக்கும் தெரியாது. தாய் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்துகொண்டு, கடவுச்சீட்டுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அந்த வீட்டில் நான் முதலில் கண்டது தொலைபேசி. காணவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அதன்மேல் ஒரு தலையணை இருந்தது. ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் தலையணையை எடுப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய் தன் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் வரிசையில் நின்று, அந்த நேரத்துக்கு எடுப்பார். பேச்சு முழுவதையும் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். அது ஊகம் இல்லை, அந்த ஆள் சிலவேளை இருமுவார் என்று அவள் சொன்னாள்.

ஆகவே தாய் வானிலையைப் பற்றிப் பேசுவார், உடல்நலம் விசாரிப்பார், கடைசியில் மாடிவீட்டு அம்மாவின் பல்லைப் பற்றிச் சொல்வார்.

மாடிவீட்டில் அப்படி ஒரு அம்மா இல்லை. பல் வலிக்கிறது என்றால் விண்ணப்பம் கிடப்பில் கிடக்கிறது. வலி குறைந்திருக்கிறது என்றால் யாரோ அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். பல்லைப் பிடுங்கியாயிற்று என்றால் மறுத்துவிட்டார்கள். தங்கப் பல் கட்டியாயிற்று என்றால் கடவுச்சீட்டு கையில். கடவுச்சீட்டு அலுவலகத்திலேயே ஒரு நல்ல மனுசி தாய்க்கு இரகசியமாகச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவையும் அவள் எனக்குச் சொன்னது பெப்ரவரியில், பாலத்தடியில், நாலு ரயில்களில். அன்று அவளால் ரயில் வரும்வரை பொறுத்திருக்க முடியவில்லை. "வலி குறைந்துவிட்டது" என்று ரயில் இல்லாதபோதே சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல்கள் மிகவும் குளிர்ந்திருந்தன.

அந்த வசந்த காலத்தில் ஆசிரியை எங்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார். தலைப்பு 'என் நண்பி'. முதலாவதாக வருவதை நூலகத் தாளில் அச்சிடுவார்கள்.

நான் பத்து நாள் எழுதினேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவையும் அப்பாவையும் வெளியே அனுப்பிவிட்டு எழுதினேன். கையில் தைத்த எண்ணை எழுதினேன். அவளுக்கு அது பரிசாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லாமல் எழுதினேன். பெயரை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உண்மைப் பெயர் போட்டால்தானே உண்மை. தாயின் பெயரையும் மருந்தகத்தையும் போட்டேன். முடிவுக்கு ஒரு நல்ல விடயம் வேண்டியிருந்தது. என்னிடம் அதைவிட நல்ல விடயம் இருக்கவில்லை. மாடிவீட்டு அம்மாவின் பல்லை எழுதினேன். நான்கு நிலைகளையும் எழுதினேன், அலுவலகத்தில் இருந்த நல்ல மனுசியையும் விடவில்லை. எப்போது தங்கப் பல் கட்டுவார்களோ என்று முடித்தேன். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிடம் கொடுத்தார்.

தாள் ரொட்டி விற்கும் பாண் கடையில் கிடந்தது, துணி துவைக்கும் இடத்தில் கிடந்தது, எங்கள் அண்ணையின் கடையில் கத்தரிக்காய்க்குக் கீழே கிடந்தது. திங்கட்கிழமை அவளுக்கு ஒன்றை நீட்டினேன். நின்றபடி வாசித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், மறுபடி முதல் பக்கம்.

"பிழை ஒன்றும் இல்லை" என்றாள்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அதுவரை நான் எழுதிய எதிலும் பிழை இல்லாமல் இருந்ததில்லை.

மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. மாலையில் அண்ணையின் கடைக்குப் போனபோது அவர் சொன்னார், ஒரு வெள்ளைக்காரப் பெட்டை வந்து கத்தரிக்காய்ப் பெட்டியைத் தூக்கி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனாள் என்று. "கடைசியிலை உன்ரை எழுத்தை வாசிக்கவும் ஒராள் வந்திட்டுது" என்று பகிடி பண்ணினார். பாண் கடைக்குப் போனேன், ஒன்றும் இல்லை. துணி துவைக்கும் இடத்தில் ஒன்றும் இல்லை. நூலகத்தில், ஒரு பெண் வந்து மிச்சம் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டு வாங்கிப்போனாள் என்றார்கள். எத்தனை அச்சடித்தீர்கள் என்றும் கேட்டாளாம். எத்தனை அவள் கைக்குக் கிடைக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போதுதான் விளங்கத் தொடங்கியது; முழுவதும் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சுட்ட வடையை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று மணிக்குக் கொஞ்சம் முந்தி. தகப்பன் கதவைத் திறந்து உள்ளே விட்டார். தலையணை எடுத்திருந்தது. மூவரும் அந்தத் தொலைபேசியைச் சுற்றி இருந்தோம். வடைப் பொட்டலம் என் மடியில் இருந்தது, எண்ணெய் என் பாவாடையில் ஊறியது.

மணி அடித்தது. தகப்பன் எடுத்தார். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, ஆனாலும் வானிலை என்று தெரிந்தது, உடல்நலம் என்று தெரிந்தது. தொலைபேசியிலிருந்து தாயின் குரல் எனக்கே கேட்டது. விரைவான, பிரகாசமான குரல். அந்தக் குரல் ஒரு இடத்தில் மூச்செடுத்து எதையோ தொடங்கியது. தகப்பன் மகளைப் பார்த்தார். அவள் கையை நீட்டித் தொலைபேசியில் பேச்சைத் துண்டிக்கிற விசையை விரலால் அழுத்தினாள்.

அவ்வளவுதான். குரல் போய்விட்டது. அவள் விரலை எடுக்கவில்லை. நகம் வெள்ளையாகும்வரை அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு தகப்பன் தலையணையை எடுத்து மேலே வைத்தார்.

தாளை யாராவது அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பியிருந்தால், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இப்போது பல்லின் பொருள் தெரியும். தாய் அந்தச் சொல்லைச் சொன்னால் அவரும் அகப்படுவார், அந்த நல்ல மனுசியும் அகப்படுவார். எச்சரிக்கவும் வழியில்லை. சொல்லவிடாமல் தடுக்க மட்டுந்தான் முடியும். தாய் என்ன சொல்ல வந்தார், தங்கப் பல்லா, பிடுங்கிய பல்லா என்பது அந்த விரலுக்குக் கீழே நின்றுவிட்டது.

அவள் என்னோடு கீழே வந்தாள். பாலத்தடிவரை வந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், என் பிரெஞ்சு முழுவதும் என்னை விட்டுப் போயிருந்தது. அவள் விரலை உயர்த்தினாள். ரயிலுக்காகக் காத்திருந்தோம்.

முதல் ரயிலில் சொன்னாள், தனக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள், 'என் வீட்டில் மாலை நேரம்' என்று. இரண்டாவது ரயிலில் சொன்னாள், தான் நன்றாக எழுதுவாள், எல்லாவற்றையும் அப்படியே எழுதினாள். அப்பா வானொலிக்கு மேல் போர்வையைப் போட்டுத் தலையை உள்ளே விட்டு வெளிநாட்டுக் குரலைக் கேட்பதையும், போர்வை ஒரு மிருகம்போல அசைவதையும். அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. ஆசிரியை கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். அந்த மாதம் அப்பாவை வேலையில் பதவி இறக்கினார்கள், வீட்டைத் தலைகீழாக்கிச் சோதித்தார்கள்.

மூன்றாவது ரயில் வரப் பிந்தியது.

"அப்பா என்னை அடிக்கவில்லை" என்றாள் அது வந்ததும். "கட்டுரையின் பிரதியைக் கொடுத்தார்கள், வாசித்தார். 'பிழை ஒன்றும் இல்லை' என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் பாவாடையில் இருந்த எண்ணெய்க் கறையைத் தன் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தாள். தாயின் முகவரியை எனக்குச் சொல்லித்தந்தாள். தெரு, கட்டட எண், படிக்கட்டின் எழுத்து, மாடி, வீட்டு எண். நான் பேனாவை எடுத்தேன், பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஒவ்வொரு ரயிலிலும் அவள் சொல்லுவாள், ரயில் போனதும் நான் மனதுக்குள் சொல்லவேண்டும், அடுத்த ரயிலில் அவள் காதில் ஒப்புவிக்கவேண்டும். தலை வெடித்தது. எதையும் எழுதிவைத்தே பழகிய எனக்கு, எழுதாமல் ஒன்றை வைத்திருப்பது தண்ணீரைக் கையில் ஏந்துவது மாதிரி இருந்தது. பிழையில்லாமல் மூன்று தடவை சொன்ன பிறகுதான் விட்டாள்.

தாங்கள் இடம் மாறப்போவதாகச் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை. "அம்மாவுக்குத்தான் எப்போதும் தெரிந்திருக்கும். ஆனால் இப்போது எழுதாதே. வெளிநாட்டுக் கடிதம் வந்தால் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எழுதலாம் என்று ஒரு நாள் உனக்கே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

ரயில் போய்விட்டிருந்தது. விரலை உயர்த்தினாள்.

"பிறகு."

அடுத்த வாரம் ஐந்தாம் மாடியில் வேறு யாரோ இருந்தார்கள். கட்டடத்தைக் கவனிக்கிற பெண், தெற்குப் பக்கம் போனதாக நினைவு என்றார், நிச்சயம் இல்லை என்றார். தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டி, பசைகூட இல்லாமல் துடைத்துவைத்திருந்தது. அது அவளுடைய வேலைதான். மேசையில் அவளுடைய இடத்தில் கம்போடியப் பெண் ஒருத்தியை ஆசிரியை இருத்தினார். நல்ல பிள்ளை. ரயில் இல்லாதபோதும் பேசினாள்.

நான் அந்த வகுப்பிலிருந்து சாதாரண வகுப்புக்குப் போனேன். பக் என்ற பள்ளி இறுதிப் பரீட்சை எழுதித் தேறினேன். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பக் தேறியதற்குத் திரான்சியில் எங்கள் உறவினர் வீட்டில் விருந்து வைத்தார்கள். அம்மா என் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தலைகீழாகப் பார்த்து எல்லோருக்கும் காட்டினார். அன்று ஞாயிறு. மூன்று மணிக்கு நான் எழுந்து குளியலறைக்குள் போனேன். தெரு, கட்டட எண், படிக்கட்டின் எழுத்து, மாடி, வீட்டு எண். இன்றுவரை மூன்றரை வருடமாக எந்த ஞாயிறும் தவறவில்லை. எழுதவும் இல்லை. என்னை நானே வியக்கிற ஒரே விடயம் அது.

இந்த டிசம்பரில், நத்தார் வாரத்தில், அப்பா வேலைசெய்யும் உணவகத்தின் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஒரு சதுக்கம் நிறைந்த சனம். மேல்மாடத்தில் அவளுடைய கட்டுரையில் இருந்த தலைவர் கையை உயர்த்தியபடி, வாயைத் திறந்தபடி. சனம் கூச்சல் போட்டது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சில நாட்களில் அவரையும் அவருடைய ஆட்சியையும் முடித்துவிட்டார்கள். எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். நான் சனத்துக்குள் கோட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தாய் அங்கே இருக்கிறாரா, எப்போதோ வெளியே வந்துவிட்டாரா, அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவருக்கு என்ன செய்தார்கள், தாளை யாராவது அனுப்பினார்களா, இல்லை அது கத்தரிக்காய்க்குக் கீழேயே தன் வாழ்வை முடித்ததா, எனக்குத் தெரியாது. யாரும் வாசிக்கவில்லை என்று அண்ணையைப்போல நம்பப் பல தடவை முயன்றிருக்கிறேன். ஒரு எழுதுகிறவள் தன் எழுத்துக்கு அப்படி வேண்டிக்கொள்வது நல்ல தண்டனைதான்.

நேற்று அண்ணையின் கடையில் ஒரு கடித உறை வாங்கினேன். அதே முக்காலியில் இருந்து அந்த முகவரியை முதல் தடவையாக எழுதினேன். ஒரு எண்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணை எட்டிப் பார்த்தார்.

"ஆருக்குப் பிள்ளை? எங்கடை ஆக்களே?"

"இல்லை அண்ணை. ருமேனியாவிலை மருந்துக்கடையிலை வேலை செய்யிற ஒரு அம்மாவுக்கு."

"கிடைக்குமே அங்கை? உந்தக் கலவரத்துக்கை?"

தெரியாது என்றேன். அவர் உறைக்குக் காசு வேண்டாம் என்றார்.

உள்ளே ஒரே ஒரு வரிதான். பிரெஞ்சில், பிழையில்லாமல்: அம்மா, மாடிவீட்டு அம்மாவின் பல் இப்போது எப்படி இருக்கிறது? அதற்குக் கீழே என் முழுப் பெயர், எங்கள் தெரு, கட்டட எண், மாடி. உறையின் பின்பக்கத்திலும் அதையே எழுதினேன்.

பாலத்தடியில், தூணுக்குப் பக்கத்தில், மஞ்சள் தபால் பெட்டி ஒன்று இருக்கிறது. மேலே ஒரு ரயில் வந்துகொண்டிருந்தது. அது போய் முடியும்வரை நின்றேன். போய்விட்டது. தெருவில் ஆட்கள் பேசுவது கேட்டது, என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுவதும் கேட்டது. கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டேன். அது விழுந்த சத்தம்கூடக் கேட்டது.